நீரில் கரையும் சான்று: வளர்ப்பு மீன்களின் தீவனச் செரிமானத்தை அளந்த வரலாறு

வளர்ப்பு மீன் உண்ட தீவனத்தில் எவ்வளவு செரித்தது என்னும் வினா எளியது. விடை காண்பதில்தான் சிக்கல். கால்நடை ஆய்வாளர் சாணம் முழுவதையும் திரட்டி எடையிட முடியும். மீனின் கழிவோ வெளிப்பட்டதும் நீரில் கரையத் தொடங்குகிறது. உண்ணாமல் சிதறிய தீவனமும் அதனோடு கலக்கிறது. ஆகவே இவ்வளவீட்டின் வரலாறு, பெரிதும் கழிவைக் கரையுமுன் கைப்பற்ற நடந்த முயற்சிகளின் வரலாறாகும்.

கழிவு முழுவதையும் திரட்டாமலே கணக்கிட வழிசெய்தது குறிப்பான் முறை. செரிக்காத, உறிஞ்சப்படாத பொருளொன்றைத் தீவனத்தில் கலந்தால், ஊட்டப்பொருள்கள் உறிஞ்சப்படும் அளவுக்கேற்ப கழிவில் அதன் செறிவு கூடும். தீவனத்தில் 1 விழுக்காடாக இருந்த குறிப்பான் கழிவில் 4 விழுக்காடானால், உலர்பொருளின் செரிமானம் 75 விழுக்காடு. இதற்கெனக் குரோமிக் ஆக்சைடைக் கால்நடை ஆய்வில் 1918இல் முன்மொழிந்தவர் எடின். மீன் தீவன ஆய்வில் அதனை அமிலச் சிதைப்பு வழியே அளக்கும் முறையை ஜப்பானியரான ஃபுருக்காவாவும் சுக்காஹாராவும் 1966இல் வெளியிட்டனர்.

கணக்கு தெளிவானது, ஆனால் மாதிரி பழுதுபட்டால் கணக்கும் பழுதுபடும். 1971இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்மித், மீனை ஒரு சிறு அறையில் அடைத்து, மலம், சிறுநீர், செவுள்வழிக் கழிவு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். நுட்பமான ஏற்பாடுதான். எனினும் அடைபட்டு, வலிந்து ஊட்டப்பட்ட மீன் இயல்பான மீனாகுமா என்னும் ஐயம் எழுந்தது; அவ்வையம் நியாயமானதே.

1978இல் இரு ஆய்வுகள் வெளிவந்தன. நீரில் கிடக்கும் மலத்திலிருந்து ஊட்டப்பொருள்கள் கசிந்து வெளியேறுவதை விண்டெல் குழுவினர் அளந்து காட்டினர். நார்வேயின் ஆஸ்ட்ரெங், மீனின் வயிற்றை அழுத்தியும் குடலைப் பகுதி பகுதியாக அறுத்தும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டார். கரைந்த புரதம் செரித்ததாகவே கணக்கில் ஏறுவதால், நீரில் திரட்டும் முறை செரிமானத்தை மிகுத்துக் காட்டும். அழுத்தி எடுக்கையில் முழுதும் செரிக்காத உணவும், சிறுநீரும், சளியும் கலப்பதால் அம்முறை குறைத்துக் காட்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிழைபடுகின்றன.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சோ, சிலிங்கர் இருவரும் 1979இல் விவரித்த அமைப்பில், நீரோட்டம் மலத்தைத் தொட்டியிலிருந்து படிவுக் குழாய்க்கு மெல்ல இட்டுச்சென்றது. மீனைக் கையால் தொடவே வேண்டியதில்லை. அதே காலத்தில் பிரான்சின் ஷூபேர் குழுவினர், நகரும் வலைத்தட்டுகளால் மலத்தை உடனுக்குடன் நீரிலிருந்து தூக்கியெடுக்கும் கருவியை அமைத்தனர். இவ்விரண்டில் கசிவை மிகுதியாகத் தடுப்பது பின்னதே என்பது என் மதிப்பீடு. எளிமையில் முந்துவது முன்னது.

ஆகவே 'சோயாப் புரதத்தின் செரிமானம் இவ்வளவு' என்று தீவன அட்டவணை கூறும்போது, மலத்தைத் திரட்டிய முறையையும் அது உடன் கூற வேண்டும். வெவ்வேறு முறைகளில் பெற்ற எண்களை அருகருகே வைத்து மூலப்பொருள்களைத் தரவரிசைப்படுத்துவது, வெவ்வேறு படிக்கற்களால் நிறுத்த பண்டங்களை ஒப்பிடுவது போன்றது.

குறிப்பானும் ஐயத்திற்குத் தப்பவில்லை. தீவனத்தில் சேர்க்கும் குரோமிக் ஆக்சைடே திலாப்பியாவின் மாவுப்பொருள் செரிமானத்தை மாற்றுவதை ஷியாவும் லியாங்கும் 1995இல் காட்டினர். 2000ஆம் ஆண்டளவில், மிகச் சிறிய அளவே போதுமான இட்ரியம் ஆக்சைடை ஆஸ்ட்ரெங் குழுவினர் மாற்றாகச் சோதித்திருந்தனர்.