செத்த கிருமி எப்படிக் கொல்லும்?

1892 வாக்கில் பெர்லினில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபைஃபர் காலரா கிருமிகளைச் சூடாக்கிக் கொன்றார். செத்த கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவையும் செத்தன. பெருகவே முடியாத ஒன்று எப்படிக் கொல்லும்? கிருமியின் உடம்புக்குள்ளேயே நஞ்சு இருக்கிறது என்று முடிவுகட்டி, அதற்கு 'எண்டோடாக்சின்' என்று பேர் வைத்தார். உள்நஞ்சு.

பேர் நல்லாத்தான் இருக்கு. ஆனால் பாதி உண்மைதான். அந்த 'நஞ்சு', பாக்டீரியாவின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து உருவான ஒரு மூலக்கூறு. அது நம் செல்களைக் கடித்துக் குதறுவதில்லை. அதைப் பார்த்து நம் உடம்புதான் பதறி எழுகிறது. காய்ச்சல், இரத்த அழுத்தம் சரிவது, உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுவது, எல்லாம் நம்முடைய எதிர்வினை.

இதற்குச் சாட்சி ஓர் எலி. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்து எலி வகை ஒன்று, மற்ற எலிகளைக் கொல்லும் அளவு எண்டோடாக்சின் கொடுத்தாலும் அசையாமல் இருந்ததை 1960-களில் கவனித்தார்கள். அப்போ அது பலசாலியா? இல்லை. உயிருள்ள சால்மொனெல்லா கொஞ்சம் உள்ளே போனாலே செத்துப்போனது. ஆபத்தை முகர்ந்து பார்க்கும் மூக்கு அதற்கு இல்லை. அந்த மூக்கு எது?

பதில் ஈயிடமிருந்து வந்தது. ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் பழ ஈக்களின் கருவை ஆராய்ந்தார். முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் மரபணுக்களில் ஒன்றின் பேர் 'டோல்'. ஜெர்மன் மொழியில் 'அட்டகாசம்' என்று அர்த்தம். 1996-இல் ஸ்ட்ராஸ்பூர்கில், ஜூல் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் புரூனோ லெமேத்ரும் கூட்டாளிகளும் டோல் பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மடிவதைக் காட்டினார்கள். அடுத்த வருஷமே யேல் பல்கலைக்கழகத்தில் மெட்ஷிடோவும் ஜேன்வேயும் மனிதரில் அதன் உறவுக்காரப் புரதம் ஒன்றைக் கண்டார்கள். 1998-இல் டல்லாஸில் புரூஸ் பாய்ட்லரின் குழு அந்த அசையாத எலியின் மரபணுவைத் தோண்டி முடித்தது. டிஎல்ஆர்4 என்ற புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. ஃபைஃபரின் கேள்விக்குப் பதில் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

சரி, மூக்கு மோப்பம் பிடித்த பிறகு? 1986-இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் ரஞ்சன் சென் கண்டறிந்த என்எஃப்-கப்பா-பி என்ற புரதம்தான் இங்கே முக்கியப் புள்ளி. சாதாரண நாளில் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். எச்சரிக்கை வந்ததும் கட்டு சிதைக்கப்படும். விடுபட்டது உட்கருவுக்குள் ஓடி, அழற்சிக்கான மரபணுக்களை எழுப்பும். அழகு என்னவென்றால், அது எழுப்புகிற மரபணுக்களில் அதையே கட்டிப்போடும் ஐ-கப்பா-பியும் ஒன்று. ஏ20 என்ற இன்னொரு அடக்கும் புரதமும் அப்படித்தான். தீ வைக்கப் போகிறவன் கையோடு தண்ணிக் குடத்தையும் தூக்கிட்டுப் போற மாதிரி. 2000-இல் ஏ20 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். யாரும் கிருமி எதையும் செலுத்தவில்லை. ஆனாலும் கடும் அழற்சியில் குட்டியிலேயே செத்தன.

அப்படியானால் மூக்கை அடைத்துவிட்டால் செப்சிஸ் நோயாளிகள் பிழைப்பார்கள்தானே? டிஎல்ஆர்4-ஐத் தடுக்கும் எரிடோரான் என்ற மருந்தைச் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது: மரணங்கள் குறையவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது தீ ஏற்கெனவே பரவியிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

2020-இல் கொரோனா வந்தது. விலை மலிவான பழைய ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோனை பிரிட்டனில் சோதித்தார்கள். என்எஃப்-கப்பா-பியை அடக்குவதும் அதன் வேலைகளில் ஒன்று. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலன் எதுவும் இல்லை. அவர்களுடைய உடம்பு அப்போதும் வைரஸோடு போராடிக்கொண்டிருந்தது; அந்த நேரத்தில் அதற்கு அந்தத் தீ வேண்டியிருந்தது.