வெள்ளம் வடிந்த பிறகு யார் கொடுப்பது? மஹல்லாதோறும் பைத்துல்மால் தேவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. செய்துங்கநல்லூர் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்கு அடைக்கலம் தந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஆபத்து நேரத்தில் நம் மக்கள் கொடுக்கத் தயங்குவதில்லை.

ஆனால் உணவுப் பொட்டலமும் போர்வையும் முதல் வாரத்தின் தேவை. இடிந்த சுவர், அழிந்த வாழை, பழுதான தையல் இயந்திரம், அவற்றைச் சரிசெய்ய வாங்கிய வட்டிக் கடன் ஆகியவை மாதக்கணக்கில் நீடிப்பவை. அந்தக் கட்டத்திற்கான நிரந்தர நிதி பெரும்பாலான மஹல்லாக்களில் இல்லை.

மார்க்கம் இதற்கு வழி காட்டியுள்ளது. திருக்குர்ஆன் 9:60 வசனம் ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைக் கூறுகிறது. கடனாளிகள் அதில் ஒரு வகையினர். ஜகாத்தை வசூலித்து நிர்வகிப்பவர்களும் அதே பட்டியலில் இடம்பெறுவது, இது கூட்டாகத் திரட்டப்பட வேண்டிய நிதி என்பதை உணர்த்துகிறது. ரமளானில் நூறும் இருநூறுமாகச் சிதறும் ஜகாத் எந்தக் குடும்பத்தையும் கடனிலிருந்து மீட்பதில்லை.

ஜகாத்தையும் ஸதகாவையும் தனித்தனிக் கணக்கில் வைப்பது அவசியம். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்துப்படி, ஏழைகளுக்கான ஜகாத் முஸ்லிம்களுக்கு உரியது. பாதிக்கப்பட்ட பிற சமய அண்டை வீட்டாருக்கு ஸதகாவிலிருந்து தாராளமாக உதவலாம்.

அரசின் சட்டங்களையும் நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும். வளைகுடாவில் பணிபுரியும் இந்தியக் குடிமக்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை, வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி தேவை. 80ஜி பதிவு பெற்ற அமைப்புகள் 2021-22 நிதியாண்டு முதல் நன்கொடையாளர் விவரங்களை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அளிக்க வேண்டும். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் அடுத்த ரமளானுக்குள் மூன்று வேலைகளைத் தொடங்கலாம்: பைத்துல்மாலுக்குத் தனி வங்கிக் கணக்கு, மஹல்லாவின் ஏழைகள், கடனாளிகள் பற்றிய விவரத் திரட்டு, பெறுபவர்களின் பெயரை வெளியிடாமல் ஆண்டு வரவு செலவு அறிக்கை. கணக்குத் தெளிவாக இருந்தால் கொடுப்பவர்கள் தேடி வருவார்கள். அடுத்த மழைக்கு முன்பே நிதி தயாராக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.