வூவ்ரே டெமி-செக்

பிரான்சில் லுவார் ஆற்றின் வடகரையில், தூர் நகருக்குச் சற்றுக் கிழக்கே இருக்கும் வூவ்ரே ஊரிலும் அதை அடுத்த சிற்றூர்களிலும் ஷெனின் பிளாங் திராட்சையிலிருந்து தயாராகும் வெள்ளை ஒயின். இதே தோட்டங்களிலிருந்து இனிப்பே இல்லாத ஒயினும், தேன்போல் இனிக்கும் ஒயினும், நுரைக்கும் ஒயினும் கிடைக்கின்றன. இன்றைய உற்பத்தியில் பாதிக்கு மேல் நுரை ஒயின்தான். ஆனால் வூவ்ரேயின் முழு அருமையும் தெரிவது லேசான இனிப்புள்ள டெமி-செக் வகையில்.

தூர் நகர ஆயரான புனித மார்ட்டின் 372இல் நிறுவிய மார்மூத்தியே மடம் இப்பகுதியின் திராட்சை வளர்ப்போடு சேர்த்துப் பேசப்படுகிறது. அவருடைய கழுதைகள் கொடிகளை மேய்ந்துவிட, மேய்ந்த கொடிகளே மறுவருடம் நன்றாகக் காய்த்தன, கவாத்து செய்யும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது என்பது ஊர்க்கதை. இதே கதை கிரேக்கத்திலும் உண்டு என்பதால் இதை வரலாறாகக் கொள்ள முடியாது. பிற்காலத்தில் டச்சு வணிகர்கள் இவ்வொயினை வாங்கி ஆற்று வழியே கொண்டுபோனார்கள். சட்டப்படி எல்லை வகுக்கப்பட்டு இப்பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது 1936இல்.

இங்குள்ள குன்றுகள் மென்மையான சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. அரண்மனை கட்டக் கல் வெட்டியெடுத்த இடங்கள் குகைகளாகி, குகைகள் ஒயின் கிடங்குகளாயின. இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் பறித்த திராட்சையின் சாறு இந்தக் குளிர்ந்த குகைகளில் மெதுவாக நொதிக்கும். குளிர் கூடும்போது ஈஸ்ட் சோர்ந்துபோய், சர்க்கரை கொஞ்சம் மிஞ்சிவிடும். டெமி-செக்கின் இனிப்பு அப்படி வந்ததுதான். சர்க்கரை சேர்த்து வந்ததல்ல. இப்போது நொதித்தலை வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியும். ஆனாலும் எந்த ஆண்டில் எந்த வகை அதிகம் என்பதை வெயில்தான் முடிவு செய்கிறது. கோடை மங்கினால் நுரை ஒயினும் இனிப்பில்லாததும், வெயில் நீடித்தால் இனிப்பானதும் கூடும். 1947ஆம் ஆண்டின் இனிப்பு ஒயின்கள் இன்றும் பேசப்படுகின்றன.

அந்த ஆண்டில்தான் ஒயின் பண்ணையாளர் காஸ்தோன் யுவே வூவ்ரேயின் மேயரானார். 1989 வரை அப்பதவியில் இருந்தார். 1928இல் அவர் குடும்பம் வாங்கிய 'ல ஓ-லியூ' தோட்டமே யுவே பண்ணையின் தொடக்கம். இரண்டாம் உலகப்போரில் ஐந்து ஆண்டுகள் ஜெர்மானியர்களின் போர்க்கைதியாக இருந்தவர், முகாமுக்குள்ளேயே சக கைதிகளுக்காக ஒரு ஒயின் விழா நடத்தினார். ஆளுக்குக் கிடைத்தது ஒரு வாய் மட்டுமே. பின்னாளில் அதிவேக ரயில்பாதை திராட்சைத் தோட்டங்களைக் கிழித்துக்கொண்டு போகவிருந்தபோது எதிர்த்து நின்றவர்களுக்கு முன்னணியில் இருந்தவரும் அவரே. பாதை தோட்டங்களுக்கு அடியில் சுரங்கமாகவே போயிற்று.

ஷெனின் பிளாங்கின் இயல்பு கூர்மையான புளிப்பு. லிட்டருக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரை இருந்தாலும் டெமி-செக் திகட்டாததற்குக் காரணம் அதுதான். முதல் மிடறில் சுட்ட ஆப்பிளும் தேனும், விழுங்கியதும் நாவில் எலுமிச்சைபோல் ஒரு சுருக். இனிப்பு என்றவுடன் இதைக் கடைசிப் பலகாரத்தோடு வைப்பது தவறு. பலகாரத்தின் சர்க்கரைக்கு முன்னால் இது வெறும் புளிப்பாகிவிடும். இதன் இடம் சாப்பாட்டின் நடுவில். தூர் பகுதியில் பன்றியின் வயிற்றுக்கறியைப் பெரிய துண்டுகளாக்கி அதன் கொழுப்பிலேயே நெடுநேரம் வேகவைத்துச் செய்யும் ரியோன், உலர் பிளம்ஸும் கிரீமும் சேர்த்த பன்றிக்கறி, வெண்ணெய்ச் சாற்றில் பரிமாறும் ஆற்றுமீன் ஆகியவற்றின் கொழுப்பைப் புளிப்பு அறுக்கிறது, உப்பை இனிப்பு தணிக்கிறது. நடுவில் வைக்கோல் செருகிய செந்த்-மோர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் உள்ளூர்த் துணை. தேங்காய்ப்பாலும் மிளகாயும் சேர்ந்த தாய்லாந்துக் கறிகளுக்கும் இது நன்றாகப் பொருந்தும், ஏனெனில் எஞ்சிய சர்க்கரை காரத்தின் எரிச்சலை ஆற்றுகிறது.

இத்திராட்சை 17ஆம் நூற்றாண்டிலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போய் அங்கே 'ஸ்டீன்' என்ற பெயரில் வேரூன்றியது. மகாராஷ்டிரத்தின் நாசிக்கிலும் இன்று பரவலாக விளைகிறது. ஆனால் வெப்பநிலத்தில் புளிப்பு குறைந்துவிடுவதால் வூவ்ரேயின் நீண்ட ஆயுள் அங்கெல்லாம் எளிதில் வாய்ப்பதில்லை. நல்ல டெமி-செக் இருபது ஆண்டுகள் தாங்கும். பரிமாற 10 முதல் 12 டிகிரி போதும். அதற்குமேல் குளிரவைத்தால் வாசனை அடங்கிப் புளிப்பு மட்டுமே தெரியும்.