கும்பகோணத்துக் கோதானமும் பிரிக்பீல்ட்ஸ் மாதக்கடைசியும்

‘அப்பன் சோற்றுக்கு அழுகிறான், பிள்ளை கும்பகோணத்தில் கோதானம் பண்ணுகிறான்.’ ‘அரைக்காசுக்குக் கல்யாணம், அதிலே கொஞ்சம் வாணவேடிக்கை.’ கையில் காசில்லாததைப் பற்றி நம் கிராமத்து வாய்மொழியில் புலம்பலைவிட நக்கலே அதிகம். சொன்னவர்களும் பெரும்பாலும் ஓட்டாண்டிகள்தாம். குத்தல் குறிதவறாமல் விழுவது அதனால்தான்.

இப்படிப்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிய பெர்சிவல் பாதிரியாரின் தொகுப்பு 1842இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. பின்னாளில் அதே யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணி வேலைக்கு வந்தவர்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் குடியேறி, ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள். தஞ்சை, திருச்சி, சேலம் பக்கத்துத் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார்கள். பெட்டியில் இடமில்லாவிட்டால் என்ன, பழமொழிக்குக் கப்பல் கூலி கிடையாதே!

தோட்டத்து வாழ்க்கை அந்த நக்கலுக்கு நிறையத் தீனி போட்டது. 1920களின் இறுதியில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. அந்தக் கூலியிலும் கை வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். ‘பிச்சை எடுத்தானாம் பெருமாளு, அதைப் பிடுங்கினானாம் அனுமாரு’ என்பதற்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கின.

பிறகு மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டு ஊரெங்கும் புழங்கியது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாக்காசு. மூட்டை மூட்டையாகச் சேர்த்தவனும் ஒரே நாளில் ஓட்டாண்டி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இவ்வளவு அப்பட்டமாக எந்த அரசும் நிரூபித்ததில்லை.

முடைக்கு மலேசியத் தமிழர்கள் கண்ட கைவைத்தியம் கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் ஆளுக்கொரு தொகை போடுவார்கள்; முறை வந்தவர் மொத்தத்தையும் எடுப்பார். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் தீபாவளிக்கும் கைகொடுக்கும். கூட்டுப் பிடித்து நடத்துபவர் பணத்தோடு மறைந்தாலோ, ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான். 1971இல் மலேசியா இதற்கென்றே ஒரு தடைச் சட்டம் போட்டது. ‘கூட்டு’ என்ற பெயரையும் அப்படியே சட்டத்தில் ஏற்றியது. கூட்டு பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது அங்கே இன்றும் குற்றம்.