வராது என்று சொல்வது சுலபம்

'மழை வரும்னு சொன்னாங்க, ஒரு பொட்டுகூட விழலியே!' ஜூரோங்கில் நின்றுகொண்டு நானும் இப்படிச் சலித்துக்கொண்டிருக்கிறேன். அதே நேரத்தில் புக்கிட் பாத்தோக்கில் கொட்டித் தீர்த்திருக்கும். அப்படியானால் கணிப்பு சரியா, தப்பா? இதற்குப் பதில் தேடிப் போனால் 1884இல் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படையில் இருந்த ஜான் ஃபின்லி, டொர்னாடோ சுழல்காற்றை முன்கூட்டியே சொல்ல முயன்றார். மொத்தம் 2,803 கணிப்புகள். 'வரும்', 'வராது' இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 96.6 சதவிகிதம் சரி. நல்ல மார்க்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு 'வராது' என்று சொல்லியிருந்தால் 98.2 சதவிகிதம் கிடைத்திருக்கும்! வேலையே செய்யாதவன் முதல் மாணவன் ஆகிவிடுவான்.

அதே ஆண்டில் கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் கணக்கை மாற்றிப் போட்டார். வராது என்று சொல்லி வராமல்போன 2,680 தடவைகளை அவர் ஒதுக்கிவிட்டார். மிச்சம் இவைதான்: சொன்னபடி வந்தவை 28, சொல்லியும் வராதவை 72, சொல்லாமல் வந்தவை 23. ஆக, 123க்கு 28. கிட்டத்தட்ட 23 சதவிகிதம். குருட்டு அதிர்ஷ்டத்தில் பலித்திருக்கக்கூடியதைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

96 எங்கே, 23 எங்கே என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த 51 சுழல்காற்றுகளில் 28ஐ அந்தக் காலத்திலேயே ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஆனால் சில ஆண்டுகளிலேயே அரசாங்க அறிவிப்புகளில் 'டொர்னாடோ' என்ற சொல்லுக்கே தடை வந்தது. ஜனங்கள் பீதியடைவார்களாம். 1938 வரை அந்தத் தடை நீடித்தது. இடையில் 1925 மார்ச் 18 அன்று ஒரே சுழல்காற்று மூன்று மாநிலங்களில் 695 பேரைக் கொன்றது. யாரும் எச்சரிக்கவில்லை.

கில்பர்ட்டின் கணக்கு சாகவில்லை. கணினி மாதிரிகள் சொல்லும் மழையை இன்றும் அதை வைத்து எடைபோடுகிறார்கள். ஆனால் மாதிரிகள் நுணுக்கமாக ஆக ஆகப் புதுச் சிக்கல் முளைத்தது. சிங்கப்பூரின் 'சிங்வி' மாதிரி நிலப்பரப்பை ஒன்றரைக் கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஜூரோங் கட்டத்தில் சொன்ன மழை புக்கிட் பாத்தோக் கட்டத்தில் பெய்தால் இரண்டு குற்றங்கள்: இங்கே பொய், அங்கே கோட்டை. மழையே இல்லை என்று சொன்ன சோம்பேறி மாதிரிக்கோ ஒரே குற்றம்தான். மறுபடியும் வாய்மூடி இருந்தவனுக்கே லாபம்!

2008இல் பிரிட்டனின் ராபர்ட்ஸும் லீனும் ஒரு வழி சொன்னார்கள். ஒற்றைக் கட்டத்தைப் பார்க்காதே. அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார். அந்த வட்டாரத்தில் எத்தனை பங்கு நனையும் என்று மாதிரி சொன்னது, எத்தனை பங்கு நனைந்தது என்று ஒப்பிடு. வட்டாரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், மாதிரியை எவ்வளவு தூரத்துக்குள் நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

குடையைச் சுமந்துகொண்டு போய் நனையாமல் திரும்பிய நாள்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். ஆனாலும், 'வராது, வராது' என்று சொல்லியே நல்ல பெயர் வாங்குகிறவரைவிட, நூறு தடவை எச்சரித்து 28 தடவை பலிக்கச் சொன்னவர் பக்கம் நிற்கலாம்னு எனக்குத் தோணுது.