நொய்யலில் கரைந்த உப்பு

பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நெருக்கியடிக்கும் வீரபாண்டி, 2011-ல்தான் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதுவரை ஊராட்சி. திருப்பூரில் கம்பெனி தொடங்கியவர்கள் எல்லோரும் எங்கிருந்தோ வந்த முதலாளிகள் இல்லை. கிணறு வெட்டி, கவலை இறைத்து வெள்ளாமை செய்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் நிறைய உண்டு. ஆகவே நொய்யலின் கதையை விவசாயிக்கும் தொழிலுக்குமான சண்டை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

சிக்கல் உப்பில் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் இன்னும் அதிகமாக. சாயம் துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. கழிவுத் தண்ணியின் நிறத்தை எடுத்துவிட்டால் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் உப்பு அப்படியே கிடக்கும். ஆரம்பகாலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் அந்த உப்பைப் பிரிக்க முடியவில்லை.

வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயத்தண்ணித் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடும் விவசாயிகளைத்தான் நமக்குத் தெரியும். இங்கே திறக்க வேண்டாம் என்று போராடினார்கள். உப்பேறிய களிமண் இறுகிப்போகும்; ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. தென்னை கருகியது, கிணறுகள் உவர்ந்தன.

சூழல் இழப்பைக் கணக்கிட்ட ஆணையம், 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கேட்கப் பெரிய தொகைதான். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. கெட்டுப்போன ஒரு கிணற்றுக்கு அது எந்த மூலைக்கு?

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் நடக்கவில்லை. 2011 ஜனவரியில் எல்லா சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்ன பிறகுதான், தண்ணீரைச் சவ்வில் வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை பரவியது. செலவு அதிகம்தான், ஆனால் முடியாத காரியம் இல்லை என்று தெரிந்தது.

நீடித்த வேளாண்மை என்றதும் விவசாயிக்குத்தான் உபதேசம் செய்கிறோம்: தொழுவுரம் போடு, சொட்டுநீர் போடு, தண்ணியை மிச்சம் பிடி. எல்லாம் சரி. ஆனால் கிணற்றுத் தண்ணியே உப்பாக இருந்தால், சொட்டுநீர்க் குழாயும் வேரடியில் உப்பைத்தான் சேர்க்கும். கீழ்மடையில் இருப்பவன் எவ்வளவு ஒழுங்காக உழுதாலும், அவன் மண்ணின் ஆயுளை மேல்மடையில் இருப்பவன்தான் தீர்மானிக்கிறான். நொய்யல் அதற்குச் சாட்சி.