1983இன் பட்டியல்கள்

டோர்ட்முண்டில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இன்றைக்கும் வங்கிக் கணக்கைக் கைபேசியில் பார்ப்பதில்லை. கிளைக்கு நேரில் போய் அச்செடுத்து, துளையிட்டு, கோப்பில் அடுக்குவார். நான் கணினித் துறை ஆலோசகன். நிறுவனங்களின் தரவுத்தளங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன். இந்த நாட்டையே அப்படித்தானே கேலி செய்கிறோம்? சென்னையில் பூக்காரம்மா க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார். இங்கே அலுவலகங்களில் ஃபேக்ஸ் இன்னும் ஓய்வு பெறவில்லை.

சென்ற ஆண்டு அண்ணை ஓர் உதவி கேட்டார். பேத்திக்குப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதும் வேலை. தாத்தா ஜெர்மனிக்கு வந்த தேதி வேண்டுமாம். 1984இன் கடைசி, கடுங்குளிர், கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸே நிலையத்திலிருந்து ரயிலில் மேற்கே வந்தது எல்லாம் நினைவிருக்கிறது. தேதி மட்டும் இல்லை. "தம்பி, அவங்கட கொம்பியூட்டரிலை கிடக்குமெல்லோ?"

கிடக்கும். அவர் ஜெர்மன் குடியுரிமை எடுக்காதவர். நானும் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரன். எங்கள் இருவரைப் பற்றியும் மத்திய வெளிநாட்டவர் பதிவேட்டில் குறிப்பு இருக்கும். என்ன இருக்கிறது என்று கேட்டறியும் உரிமையும் எங்களுக்கு உண்டு. படிவத்தை நிரப்பினேன். கையெழுத்திடும் முன் "உதைக் கேட்டா ஏதும் பிரச்சினை வராதோ?" என்று இரண்டு முறை கேட்டார். நாற்பது ஆண்டு வாழ்ந்த நாட்டில் இப்படியொரு பயமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்போதுதான் வெள்ளவத்தையைப் பற்றிச் சொன்னார்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கூட்டத்தார் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது பலரும் பதிவு செய்த செய்தி. தெருவில் எந்த வீடு தமிழர் வீடு என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த பெயர், வீட்டைக் கொளுத்துவதற்கு வழிகாட்டியது. அண்ணை அந்தத் தாள்களைக் கண்ணால் கண்டவர். இதை அவர் எந்த உணர்ச்சியும் இல்லாமல், கடைக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதே 1983இல் ஜெர்மனியிலும் ஒரு பட்டியலைப் பற்றிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 27 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடப்பதாக இருந்தது. அதில் கிடைக்கும் விவரங்களைக் கொண்டு நகராட்சிகள் தங்கள் குடியிருப்போர் பதிவேட்டைத் திருத்திக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதித்தது. புள்ளிவிவரத்துக்கு என்று வாங்கி நிர்வாகத்துக்குப் பயன்படுத்துவதா என்று மேற்கு ஜெர்மனி முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களுக்கு இது கற்பனைப் பயம் அல்ல. 1939 மே 17ஆம் தேதிக் கணக்கெடுப்பில், பாட்டன் பாட்டிமாரில் யூதர் யார் என்று கேட்கும் தனி அட்டையை உறையில் இட்டு வாங்கியது நாஜி அரசு. முந்தைய 1933ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அட்டைகளை எண்ணியவை ஐபிஎம்மின் ஜெர்மன் கிளையான டெஹோமாக் கொடுத்த ஹொலரித் இயந்திரங்கள். என் தொழிலின் முப்பாட்டன்கள் அவை. நானாகக் கேட்கும்வரை எந்த வகுப்பிலும் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

கார்ல்ஸ்ரூஹேயின் அரசியல் சாசன நீதிமன்றம் ஏப்ரல் 13 அன்று கணக்கெடுப்பை நிறுத்திவைத்து, டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. தன்னைப் பற்றிய தகவலை யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது மனிதனின் அடிப்படை உரிமை. அரசு அதில் கைவைப்பதானால் தெளிவான சட்டம் வேண்டும். ஒரு நோக்கத்துக்கு வாங்கியதை இன்னொன்றுக்குத் திருப்பக் கூடாது. கணினிகள் இணையும் காலத்தில் அற்பமான தகவல் என்று எதுவுமே இல்லை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். வலை இன்னும் வீட்டுக்கு வராத 1983இல் இதைச் சொன்னார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. கணக்கெடுப்பு கடைசியில் 1987 மே 25 அன்றுதான் நடந்தது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஒரு மே 25தான், 2018இல்.

இந்த இடத்தில் ஜெர்மனியைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தலாம். ஆனால் அண்ணையின் பெயர் ஏறிய பதிவேட்டுக்கு வேறு கதை. 1953இல் தொடங்கிய அது, 1967 முதல் கணினியில் நடந்துவந்தது. சட்டம் இல்லாமல் தகவல் திரட்டக் கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், அதற்கென்று தனிச் சட்டம் வந்தது 1994இல்தான். ஜூலைக்குப் பின் வந்து இறங்கிய நம்மவர் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தது இடைப்பட்ட அந்தப் பதினொரு ஆண்டுகளில்.

2001 செப்டம்பருக்குப் பின் போலீஸ் பயங்கரவாதிகளைச் சலித்தெடுக்கப் புறப்பட்டபோது, பல்கலைக்கழகங்கள், குடியிருப்போர் பதிவேடுகள் ஆகியவற்றோடு இந்தப் பதிவேடும் தரவு கொடுத்தது. நான் 2004இல் முதுகலை படிக்க வந்திறங்கிய நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் மட்டும் 52 லட்சம் பேரின் விவரம் திரட்டப்பட்டது. ஒரு பயங்கரவாதியும் அகப்படவில்லை. மொராக்கோ மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், திட்டவட்டமான ஆபத்து இல்லாமல் இப்படிச் சலிப்பது செல்லாது என்று 2006 ஏப்ரல் 4 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு ஹூபர் என்ற ஆஸ்திரியர், தன் பெயர் ஏன் இந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று வழக்காடினார். குற்றத் தடுப்புக்காக ஐரோப்பிய ஒன்றியத்தாரை மட்டும் இப்படிப் பதிந்து வைப்பது பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் சொன்னது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பு துணைவராது.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். 2015இல் ஏறக்குறைய 8,90,000 பேர் தஞ்சம் தேடி வந்தபோது, ஒரு அலுவலகத்தின் கணினி இன்னொன்றோடு பேசாததால் ஒரே ஆள் பல இடங்களில் பதியப்பட்டார், பல முறை வரிசையில் நின்றார். 2016இல் எல்லாவற்றையும் மத்தியப் பதிவேட்டில் ஒன்றாக்கினார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதே வரைபடத்தைத்தான் போட்டிருப்பேன். குளிரில் நிற்பவருக்கு அது உண்மையிலேயே உதவி. வாடிக்கையாளர் கூட்டங்களில் "எல்லாம் ஒரே இடத்தில்" என்ற ஸ்லைடைக் காட்டும்போது எனக்கும் பெருமைதான். அந்த ஒரே இடத்துக்கு இப்போது 14,000க்கும் மேற்பட்ட அலுவலகங்களிலிருந்து வழி இருக்கிறது.

பதில் சில வாரங்களில் தபாலில் வந்தது. நுழைந்த தேதி இருந்தது. அண்ணை அதைப் பேத்திக்காக ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, மீதி வரிகளை விரலால் தடவியபடி வாசித்தார்.

"நான் குடுத்த கேஸும் இதிலை கிடக்கோ?"

இல்லை என்றேன். தஞ்ச விண்ணப்பத்தின் மீதான முடிவை முழு வாசகமாகப் பதிவேட்டில் ஏற்றுவது 2022 நவம்பரில்தான் தொடங்கியது. அந்தரங்கமான பகுதிகளை நீக்க வேண்டும் என்று விதி உண்டு. தரவுப் பாதுகாப்பு ஆர்வலர்களும் அகதிகளுக்கு உதவும் அமைப்புகளும் அதை எதிர்த்தன. ஒருவர் எந்தக் கட்சியில் இருந்தார், யாரால் அடிபட்டார், குடும்பத்தில் யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த முடிவுகளில் எழுதப்பட்டிருக்கலாம் என்று சொன்னேன்.

"அப்ப இப்ப வாற பெடியளுக்கு?"

"அவங்களுக்கு இருக்கும், அண்ணை."

அவர் தாளை மடித்துத் துளையிட்டு, வங்கி அறிக்கைகளுக்குப் பின்னால் அடுக்கினார். என்னுடைய பதிவுக்கான படிவம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.